சிவப்பு வளையம்

தம்பி சின்னு,

பரண் மேலிருந்து உன் பாவாடையை இன்றைக்கு இறக்கினேன். ரப்பர் வாசமும் ஆற்றுமண் வாசமும் அப்படியே இருக்கின்றன. நீ ஒற்றை ஆளாக ஓட்டும் சின்னப் படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பிலிருந்து படகின் வாய்வரைக்கும் இழுத்து மாட்டுவாயே, அதுதான். நீ இங்கிலீஷில் என்னவோ சொல்வாய். எனக்கு அது பாவாடை.

முதன்முதலாக அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். "ஏனுங் அம்மணி, சீர் எப்பங்க?" என்று வயசுக்கு வந்த பெண்ணைக் கேட்பதுபோலக் கேட்டேன். நீ விடுவாயா? "தாய்மாமனக் கூப்புட்டுப் பச்சோலைக் குடிசை கட்டச் சொல்லுக்கா!"

அதன் முன்பக்கம் நாடா வளையம் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. தையல்காரி கை சும்மா இருக்குமா? உள்ளே மடித்து அழகாகத் தைத்துப்போட்டேன். ஆற்றங்கரையில் அதைப் பார்த்ததும் நீ கோபப்படவில்லை. சிரித்துச் சிரித்துப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாய்.

"அக்கா, படகு கவுந்தா இதப் புடிச்சு இழுத்துத்தான் நான் வெளிய வரோணும். அழகு பாத்துக் கதவச் சாத்திப்போட்டியே!"

பல்லால் கடித்தே தையலைப் பிரித்தேன். அன்றைக்கே பாறை இடுக்கில் நுரைக்குள் கவிழ்ந்தாய். நான் போட்ட கத்தலில் கொக்கெல்லாம் பறந்தன. நீயோ வளையத்தை இழுத்துவிட்டு, வாயில் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்து கையை ஆட்டினாய்.

ஆறு உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. ஊரில் இன்னமும் ஆற்றைத்தான் குறை சொல்கிறார்கள். ஆறு இல்லை, காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் சலித்துவிட்டது.

இப்போது மலையில் நல்ல மழை. நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டது. உன் கூட்டாளிகளோடு குளத்தில் படகு ஓட்டிப் பழகிய என் மகள், "அம்மா, நாளைக்கு மாமன் படகுல ஆத்துல எறங்கட்டுமா?" என்று கேட்டுப்போட்டு என் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று வாய்வரைக்கும் வந்தது. மாமன் என்ற சொல்லைக் கேட்டதும் ஏணியை எடுத்துப் பரணில் ஏறினேன்.

மிஷினில் உட்கார்ந்தேன். வளையத்தின் பழைய நாடா இற்றுப்போயிருந்தது. கெட்டியான பெல்ட் நாடா வாங்கி, அவள் சீருக்கு நீ தாய்மாமனாகக் கொண்டுவந்த சிவப்புச் சேலையின் கரையை அதன்மேல் வைத்து, கலங்கல் தண்ணீரிலும் தெரியும்படி இரட்டைத் தையல் போட்டேன். இந்தத் தடவை மடிக்கவில்லை. நன்றாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு துழாவிப் பார்த்தேன். என் கைக்குச் சிக்குகிறது.

அவள் கை சின்னக் கை, சின்னு. தண்ணிக்குள்ளே தலைகீழாக இருக்கும்போது அவளுக்கு எட்டுமா?