உன் அம்மா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை

அன்பு மகள் தியாமிகேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே எனக்குச் சுகம்தான். உன் அம்மா சுகமா என்று மட்டும் கேட்காதே, அது தெரியாமல்தான் நான்கு நாளாக வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உங்கள் ஊருக்குப் போகும் பஸ் மதியம் கிளம்புகிறது, ஓட்டுநரிடம் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நல்ல மழை அம்மா இந்த வருஷம். எல்லார் நிலத்திலும் சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது, நம் நிலத்தில் புல் நிற்கிறது. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை உலகம் முடியப்போகிறது, அறுக்க ஆளில்லாத சோளத்தை எதற்கு விதைக்கிறீர்கள் என்றான் தீர்க்கதரிசி சக்கேயு. யார் என்று நினைக்கிறாய்? கடைத்தெருவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தானே, அவனேதான். எனக்குப் புது ட்யூப் என்று பழைய ட்யூபை மாட்டிவிட்டவன். அவன் பேச்சைக் கேட்டு உன் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். நானே விதைக்கலாமே என்பாய். நிலம் அவள் தாய் வழிச் சொத்து, நான் பெண் எடுத்த ஊருக்குக் குடிவந்த மாப்பிள்ளை, அவள் வாயால் சொல்லாமல் ஒரு குழி போட எனக்கு உரிமையில்லை என்பது உனக்குத் தெரியும். உன் தாய்மாமன் யோதாமிடம் கேட்டேன். "மச்சான், நிலம் அவளுது, அவ சொல்லணும். நான் மேல போய்க் கேட்கமாட்டேன், அந்தாளு சாபம் விட்டான்னா என் ஆடுங்க கதி என்ன?" என்றார். வீரத்துக்குக் குறைவில்லாத குடும்பம்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை சூரியன் வழக்கம்போல் ஏரிக்கு மேலே வந்தது. மத்தியானத்துக்குள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வருவார்கள் என்று உன் அம்மாவுக்கும் சேர்த்து நான் சோள மாவில் ந்சிமா கிண்டி, உசிப்பா மீனும் வதக்கி வைத்தேன். ஒருவரும் வரவில்லை. நம் ஜெபத்துக்கு இரங்கிக் கடவுள் தவணை கொடுத்துவிட்டார் என்று சக்கேயு சொல்ல, முன்பைவிடப் பலமாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள், கீழே வரை கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் மீனை நாய்க்குப் போட்டேன்.

திங்கட்கிழமை மலைக்குப் போனேன். மருந்து கிருந்து கொடுத்து மயக்கி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவர்கள் சுற்றிலும் போட்டிருக்கும் வேலிக்குப் பக்கத்தில், உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எலினெஸ் டீச்சர் தெளிவாக உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். தேதி பொய்த்துப்போனது உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். "எண்ணத் தெரியாதவளா அண்ணே நான்? விதைக்காம வந்துட்டேன். இப்ப இறங்கினா, எம் புள்ளைங்க பட்டினிக்கு நான்தான் காரணம்னு ஆயிடும். இங்கயே இருந்தா அது கடவுளோட சோதனை. முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?" என்றார். சக்கேயு நிஜம் என்று நம்பி அவர்கள் அங்கே இல்லை அம்மா, அவன் பொய் என்றால் தாங்கமாட்டோம் என்று இருக்கிறார்கள்.

உன் அம்மா கதை வேறு. அவளைக் கூப்பிட ஒரு பையனை அனுப்பினான் சக்கேயு. "லிம்பானியோட அம்மா! உங்களைப் பார்க்க ஆள் வந்திருக்கு" என்று அந்தப் பையன் கத்தினான். மூன்று வருஷமாக என் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட விடாதவன் நான். உன் அண்ணனை ஏரி கொண்டுபோன பிறகு, அந்தப் பேரைக் கேட்டால் இவள் உடைந்துபோவாள் என்று பயந்து, இனி எங்களைத் தியாமிகேயின் அப்பா, தியாமிகேயின் அம்மா என்றே கூப்பிடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூத்த பிள்ளை பேரால் இருபத்திரண்டு வருஷம் அழைக்கப்பட்டவளை ஒரே வாரத்தில் மாற்றினேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பஞ்சர் ஒட்டுகிறவன் தீர்க்கதரிசியான பிறகு சந்தையில் முதல்முறை பார்த்தபோதே, லிம்பானியின் அம்மா, நல்லா இருக்கீங்களா என்றானாம். அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அன்றிலிருந்து அவன் எங்கே சொன்னாலும் போகிறாள்.

மெலிந்து வந்து நின்றாள். "எதுக்கு வந்தீங்க, நிலத்துக்கா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம், மழை போகிறது, ஒரு வார்த்தை சொல், விதைத்துவிடுகிறேன் என்றேன். "உங்க இஷ்டம்போல செய்யுங்க, தியாமிகேயோட அப்பா" என்று திரும்பிப் போய்விட்டாள். என் வாயில் மண்ணைப் போட.

அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் கையில் மண்வெட்டி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் வேலிக் கதவைப் பூட்டப்போகிறார்களாம். உள்ளே பத்து நாள் உபவாசமாம், சோறு இல்லை, தண்ணீரும் இல்லை. ஆடுகூடப் பிழைக்காது. போலீஸுக்குச் சொன்னேன், திங்கட்கிழமைக்கு முன் வண்டி இல்லையாம். அதனால் நாளை விடியும் முன் நான் போகிறேன். நிலத்தைப் பற்றிப் பேசமாட்டேன், சக்கேயுவைத் திட்டவும் மாட்டேன், திட்டினால் அவள் இன்னும் உள்ளே போய்விடுவாள். வேலியில் நின்று, அவளிடமிருந்து நான் பறித்த அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறேன். வரும்வரை கூப்பிடுவேன். காலையிலிருந்து தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக் கோழிதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நீ பயந்து வேலையை விட்டு ஓடி வராதே. அங்கே யாராவது மேடை போட்டு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவசரப்பட்டுப் போகாதே, முதலில் எனக்குப் போன் செய். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே. அடுத்த முறை கூப்பிடும்போது மழையைப் பற்றிக் கேட்காதே. அண்ணன் மந்தாசிப் பணியாரம் திருடித் தின்றுவிட்டு உன்மேல் பழி போட்டதைக் கேள். அம்மா போனை எடுத்தால் அவளிடம் கேள், இல்லாவிட்டால் என்னிடமே கேள்.

இப்படிக்கு,
லிம்பானிக்கும் உனக்கும் அப்பா
வைசன்