ரப்பர் புஷ் போடாத ஓட்டை

அண்ணே,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன் ரூமில் இருப்பவர்களுக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல, எல்லாரும் சுகம், நீ சுகமா என்று எழுதுவேன். இன்றைக்கு அப்படி எழுத வரவில்லை. நீயாவது சுகமாக இரு. அப்பா என் போனை வாங்கிப் பூட்டிவிட்டார். காஞ்சனா அக்கா வீட்டுக்காரர் நாளை துபாய் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

மம்சாபுரம் கண்ணபிரான் மாமாவின் கார் எரிந்துவிட்டது. ராஜபாளையம் கல்யாணத்துக்குப் போகும் வழியில். மாமா குதித்துவிட்டார், அத்தை இரண்டு காலும் வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். முந்தின நாள் நம் பட்டறையில்தான் ஃபாக் லைட் மாட்டியது. வயர் ஓட்டியது மெர்வின் அண்ணன் என்று அப்பா ஸ்டேஷனில் சொல்ல, அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். லைட் மாட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் சர்ச்சுக்குப் போகிற நாளில் வேலைக்கு வர மாட்டார், உனக்கே தெரியும். சர்ச் முடிந்து வந்தார் என்கிறார் அப்பா. வீட்டில்தான் இருந்தார் என்று எலினா அக்கா சொன்னது எடுபடவில்லை, பெண்டாட்டி பேச்சாம்.

அவர் இல்லாததால்தான் அப்பா என்னைக் கூப்பிட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் கை விட்டு நான் வயரைத் தள்ள, இன்ஜின் பக்கம் அப்பா இழுத்தார். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ஃபயர்வால் தகரத்தில் புதிதாக டிரில் போட்ட ஓட்டை, தகர விளிம்பு என் விரலைக் கிழித்தது. வயர் உரசாமல் இருக்க ரப்பர் புஷ் போடவில்லையா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கு, பொறவு மாத்திக்கிடலாம் என்று சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினார். பியூஸும் போடவில்லை. ஓடுகிற அதிர்வில் தகரம் டியூப்பை அறுத்து வயரையும் அறுத்திருக்கும், அதில்தான் தீப்பிடித்திருக்கும்.

நாளை போலீஸ் என்னைக் கேட்க வருகிறதாம். அன்று சித்தி வீட்டில் இருந்தேன் என்று சொல்ல வேண்டுமாம். "நான் உள்ள போயிட்டா ஒங்களுக்கு யாருட்டி இருக்கா?" என்றார் அப்பா. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் எலினா அக்கா நின்றிருந்தாள், சத்தம் போடவில்லை. "ஏட்டி வேதா, விரல்ல என்ன கட்டு?" என்று மட்டும் கேட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நீ இதைப் படிக்கும்போது நான் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். எதுவானாலும் அப்பாவிடம் பேசு, உன் பேச்சை மட்டும்தான் கேட்பார். ஆண்டாள் உன்னைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு, அம்மா சொல்லாவிட்டாலும் எழுதிவிட்டேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எலினா அக்கா குரல். அப்பா முழித்துத்தான் கிடக்கிறார், எழுந்திருக்கவில்லை. விரல் கட்டை அவிழ்த்துவிட்டேன். நான் போய்க் கதவைத்