பள்ளத்துப் பக்கத்துக்கு முதல் பேர்

மதினி,

உங்கள் மட்டக்கம்பு இன்று காலை மைதானத்தின் பள்ளத்து மூலையில் சிவப்புத் துணி கட்டி நின்றது. கொடிக்கம்பு ஒன்று குறைகிறது என்று சசி ஓடி வந்தான். கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடி மேல் படுக்கப் போட்டு மட்டம் பார்க்கத்தான் அந்தக் கம்பு. நீங்கள் அதை வைத்து என்னதான் செய்யவில்லை? ஆளைக் காட்டினீர்கள், ஆட்டை விரட்டினீர்கள், ஒரு மெச்சில் நடுவரையே குத்தப் போனீர்கள். கை பட்டுப் பட்டு வழுவழுப்பான இடத்தில் இன்னும் உங்கள் வெற்றிலை வாசனை இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மாயி, வெறும் மர வாசனை" என்கிறாள் என் பேத்தி தர்ஷி. அவளுக்கு என்ன தெரியும்.

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்கு நேரில் வந்து சொல்லியிருப்பேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் உண்டாக்கின கீழ் டிவிசன் பொம்பளைப் பிள்ளைகள் புட்போல் டீம், போன இரண்டு வருஷமும் தோட்டத்து நாலு டிவிசனில் கடைசி. உங்கள் நாற்காலியில் என்னைத்தான் தலைவி என்று உட்கார வைத்தார்கள். அண்ணன் பெண்டாட்டி இருந்த இடத்தில் நாத்தனார் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. இந்த வருஷம் தோட்டத்து விளையாட்டுக் கமிட்டி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டது. மூன்றாவது தடவையும் கடைசியாக வந்தால் கீழ் டிவிசன் என்ற பேர் கிடையாது, பிள்ளைகளைப் பெக்டரி டிவிசனோடு சேர்த்துவிடுவார்களாம். பழைய நாற்றுமேடையில் நீங்களும் நானும் கல் பொறுக்கி, மானாப்புல் வெட்டி உண்டாக்கின மைதானம் மதினி. அதில் நம் டிவிசனுக்கு ஒரு டீம் இல்லையென்றால் நான் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் நடப்பேன்?

எங்கள் கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இப்போதெல்லாம் ஒரு டிவிசனுக்குப் பதினொரு பிள்ளைகள் சேர்வதே கஷ்டம். பாதிப் பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் புதிதாக ஆட வருகிற பிள்ளைகள் எந்த லயத்து வீட்டில் இருந்தாலும் எல்லார் பேரையும் ஒரே பலகையில் எழுதி, ஒவ்வொரு டிவிசனாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். போன வருஷம் கடைசியாக வந்த டிவிசனுக்கு முதல் பேர் சொல்கிற உரிமை. பலகையில் இந்த வருஷம் எட்டுப் பேர். முதலில் எழுதியிருந்தது என் தர்ஷி பேர்.

அவள் ஓடுவதை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் போகும்போது அவள் சின்னப் பிள்ளை. இப்போது பந்து காலில் பட்டால் கோலுக்குள் போய்த்தான் நிற்கிறது. சொந்தப் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான் சொல்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நம் டிவிசனில் தண்ணீர்ப் பைப்படியில் நின்ற அத்தனை பேரும் ஒரே பேச்சு: "தர்ஷிதான் நமக்கு. இனிமே கப்பு நம்ம பக்கம்."

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. காரணம் போன வருஷம். அப்போதும் முதல் பேர் எங்களுடையதுதான். அப்போதும் நான்தான் சொன்னேன். பலகையில் இருந்ததிலேயே வேகமாக ஓடுகிற பிள்ளையைக் கூப்பிட்டேன். அவளும் குறை வைக்கவில்லை, ஒவ்வொரு மெச்சிலும் கோல் போட்டாள். நாங்கள் இரண்டு போட்டால் மூன்று வாங்கினோம், மூன்று போட்டால் நாலு. எல்லாக் கோலும் ஒரே பக்கமாக வந்தது. பள்ளத்துப் பக்கமாக.

நம் மைதானம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு பக்கம் ரோட்டு, மறுபக்கம் ஓடைக்கு இறங்குகிற பள்ளம். பந்து தானாகவே பள்ளத்துப் பக்கம் சாயும். பார்க்கிற ஜனம் எல்லாம் ரோட்டுப் பக்கம் நிற்கும். அதனால் நம் பிள்ளைகளில் கெட்டிக்காரிகள் எல்லாரும் ரோட்டுப் பக்கமே ஆடுவார்கள். கை தட்டுவது அங்கேதானே. பள்ளத்துப் பக்கம் நிற்க மாட்டேன் என்று அழுகிறவளைத்தான் கடைசியில் பள்ளத்துப் பக்கம் தள்ளுவோம்.

இதை யோசிக்கும்போதுதான் எனக்குக் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் முதல் பெண் கங்காணியாக நீங்கள் ஆன வருஷம். அதற்கு முன்னால் இருந்த கங்காணிமார் எல்லாரும் கை வேகமான பெண்களை ரோட்டோர நிரையில்தான் நிறுத்துவார்கள். துரை ஜீப்பில் போகும்போது பார்த்தால் கொழுந்து மட்டமாக, அழகாக இருக்கும். ஓடைப் பக்க நிரை புதுசாக வந்தவளுக்கும் இருமல்காரிக்கும். அங்கே அட்டை, வழுக்கல், முற்றின கொழுந்து. மலை பாதி அழுகிக் கிடக்கும், ஆனால் ரோட்டில் இருந்து தெரியாது. நீங்கள் வந்த முதல் நாள் காலைப் பெரட்டில் எல்லாரும் நிற்கிறோம். நான்தான் அன்றைக்குத் தோட்டத்திலேயே வேகமான கை. ரோட்டோர நிரை எனக்குத்தான் என்று படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறேன்.

"மொத பேரு, ஓடைப் பக்கம்" என்றீர்கள். என் பேரைக் கூப்பிட்டீர்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். "என்ன மதினி, வீட்டுச் சண்டைய மலையில காட்டுறீங்களா?" என்று கேட்டேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குழம்பில் உப்பு அதிகம் என்று நான் சொல்லியிருந்தேன், அதுதான் காரணம் என்று நினைத்தேன்.

"உப்புக்கு வேற நாள் இருக்கு. இப்ப எறங்கு" என்றீர்கள். பிறகு பக்கத்தில் வந்து, மெதுவாக, "நல்ல கைய ரோட்டோரத்துல வச்சா தொரை பார்ப்பாரு. ஓடையில வச்சாத்தான் மலை பொழைக்கும். அதான் மொத பேரு ஒம்பேரு" என்றீர்கள்.

ஒரு மாசம் உங்களோடு பேசவில்லை. அட்டை ஏறாமல் இருக்கச் சோப்புக்கட்டியைக் காலில் தேய்த்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். அப்புறம் பார்த்தால், தினமும் முதலில் கூப்பிடுகிற பேர் என் பேர் என்பதால், அந்த நிரைக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. நான் கீழே இருந்து "ஏய், மேல ரெண்டாவது செடிய விட்டுட்ட" என்று சத்தம் போட்டால் ரோட்டோரத்தில் நிற்கிறவள் திரும்பிப் பார்த்து எடுப்பாள். கடைசியாகக் கூப்பிட்டவள் சொன்னால் யார் கேட்பார்கள்? வருஷக் கடைசியில் மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கையாவே ஓடைவரைக்கும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவே மதினி, பலகைக்குப் பேர் சொல்கிற நாளுக்கு முன்னால் புதுப் பிள்ளைகள் ஆடிப் பழகுகிற மூன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் தனியாக நின்று பார்த்தேன். மற்றவர்கள் பந்து கோலுக்குப் போவதைப் பார்த்தார்கள். பந்து எந்த இடத்தில் தடைபட்டுச் செத்துப்போகிறது என்று நான் பார்த்தேன். மூன்று நாளும் அது ஒரே பிள்ளையின் காலடியில்தான் செத்தது. புவனா என்று பேர், நடு டிவிசன் லயம். கொஞ்சம் பருத்த உடம்பு. ஓடுவதே இல்லை. பந்து வருகிற இடத்தில் முன்னாலேயே போய் நிற்கிறாள், பிறகு எதற்கு ஓட வேண்டும்? நின்ற இடத்தில் இருந்தே மற்றவர்களைக் கத்துகிறாள். ஆனால் அவள் கத்தினால் யாரும் காதில் வாங்குவதில்லை.

சசியிடம் சொன்னேன். நம் டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் அவன்தான், மற்ற நேரம் ஓட்டோ ஓட்டுகிறான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பெரியம்மா, புவனாவ எவனும் எடுக்க மாட்டான். ரெண்டாவது சுத்துலயும் கெடப்பா. இப்ப தர்ஷிய எடுங்க, அப்புறமா அவளையும் எடுத்துக்கலாம். ரெண்டும் நமக்குத்தான்."

நல்ல யோசனைதான், இல்லையா? ஒரு இரவு முழுக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. காலையில் சொன்னேன்: "ரெண்டாவதா கூப்பிட்டா அவ ரெண்டாவது ஆளாத்தான் நிப்பா. என் பேத்தி மொத பேருன்னா, அவ சொல்றத இவளுங்க கேப்பாளுங்க. புவனா கத்துறத மறுபடி காத்துல விடுவாளுங்க. பள்ளத்துல நிக்கிறவ சொல்லைத்தான் டீம் கேக்கணும். அதுக்கு அவ பேருதான் மொதல்ல வரணும்."

"தோத்தா?"

"தோத்தா என்னைத் திட்டட்டும். போன வருஷம் திட்டாமப் போனதுதான் தப்பு."

தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில்தான் கூட்டம். சுவரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டின யானைப் படத்துக்குப் பக்கத்தில் பலகை. தர்ஷி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலை பின்னி, ரிப்பன் வைத்து. எழுந்து நின்று, "கீழ் டிவிசன், மொத பேரு, புவனா" என்றேன்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். "பெரியம்மா, கண்ணாடி போட்டுட்டு வாசிங்க" என்று ஒருத்தன் கத்தினான். "கண்ணாடி போட்டுத்தான்டா மூணு நாளு பாத்தேன்" என்றேன். மேல் டிவிசன்காரர்கள் என் வாய் மூடுவதற்குள் தர்ஷியைக் கூப்பிட்டுவிட்டார்கள். புவனா மட்டும் சிரிக்கவில்லை. தன் பேரைத்தானா சொன்னார்கள் என்று பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எழுந்து வந்து நம் பக்கத்தில் நின்றாள். நிமிர்ந்து நின்றாள் மதினி. அன்றைக்கே பாதி மெச் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

மீதிப் பாதி வீட்டில். தர்ஷி பத்து நாள் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், பேச மாட்டாள். மகள்காரி, "ஊரே கேக்குதும்மா, பேத்திய எதிரிக்குத் தூக்கிக் குடுத்தியான்னு" என்றாள். குடுத்தேன்தான் என்றேன். பதினோராம் நாள் தர்ஷியே வாய் திறந்தாள். "அம்மாயி, உங்க டீம நான்தான் கடைசியில தள்ளுவேன், பாருங்க." எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று அவளிடம் காட்டவில்லை.

மூன்று மெச். முதலாவது ஒரு கோலில் தோற்றோம். இரண்டாவது சமன். இன்றைக்குக் கடைசி மெச், தர்ஷி ஆடுகிற மேல் டிவிசனோடு. சமன் செய்தாலே போதும், பெக்டரி டிவிசன் எங்களுக்குக் கீழே போய்விடும். தோற்றால் நம் பேர் போய்விடும்.

மழைத் தூறல். ஜனம் எல்லாம் வழக்கம்போல ரோட்டுப் பக்கம். நான் உங்கள் கம்பு நின்ற பள்ளத்து மூலையில். முதல் பாதியில் நம் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். அப்புறம் தர்ஷி ஒன்று போட்டாள். ரோட்டுப் பக்கமாக மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போய், மூலை பார்த்து. என் வாய் என்னை அறியாமல் "அப்படிப் போடுடி" என்றது. பக்கத்தில் நின்ற சசி முறைத்தான். "அது பேத்தி, இது டீம். ரெண்டும் என்னுதுதான், நீ பந்தப் பாரு" என்றேன்.

இரண்டாவது பாதி முழுக்கப் பந்து பள்ளத்துப் பக்கம் சரிந்தது. போன வருஷம் என்றால் நாலு வாங்கியிருப்போம். இன்றைக்குப் பந்து வருவதற்கு முன்னால் அங்கே புவனா நின்றாள். "இடது! இடது! நீ ஏன்டி அங்க நிக்கிற, எறங்கு!" என்று கத்தினாள். ரோட்டுப் பக்கக் கெட்டிக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்து இறங்கினார்கள். கடைசி நிமிஷத்தில் தர்ஷி தனியாகப் பந்தோடு வந்தாள், என் கண் முன்னால், உங்கள் கம்பை ஒட்டி. புவனா ஓடவில்லை. ஒரு எட்டு வைத்தாள். பந்து ஓடைக்குள் போனது. விசில் அடித்தது.

ஒன்றுக்கு ஒன்று. கீழ் டிவிசன் பேர் அப்படியே இருக்கிறது மதினி.

தர்ஷி முழங்கால் எல்லாம் சேறாக வந்து என் குடைக்குள் நின்றாள். "உங்க ஆளு என் கால ஒடிக்கப் பாத்தா அம்மாயி."

"ஒடிக்கல இல்ல? வா, சோறு திங்கலாம்."

"கோல் பாத்தீங்களா?"

"பாத்தேன். சத்தமும் போட்டேன். சசிகிட்ட கேளு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு திரும்பி, புவனா நின்ற இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் முதல் பேர் சொல்கிற உரிமை எங்களுக்குக் கிடையாது. அது பெக்டரி டிவிசனுக்குப் போகிறது. அவர்கள் வந்து என்னிடம் கேட்டால், யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவேன். அது உங்கள் வார்த்தை, வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்.

கம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். சிவப்புத் துணியை அவிழ்க்கவில்லை. வெற்றிலை வாசனைக்கு மேல் இப்போது கொஞ்சம் சேற்று வாசனையும் ஏறியிருக்கிறது. தர்ஷி மோந்து பார்த்தாள், இந்தத் தடவை வெறும் மர வாசனை என்று சொல்லவில்லை. அப்புறம் ஒன்று மதினி: அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் உப்பு அதிகம்தான். அதை மட்டும் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னதுதான் சரி. பெரட்டில் முதல் ஆளாக நீங்கள் கூப்பிட்ட பேர் இன்னும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன், நிமிர்ந்து.