ஜன்னலில் எட்டு மாதம்

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுகிறது. நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டால் "சூப்பரா இருக்கேன்மா" என்று எப்போதும் சொல்வதைத்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைக்கிறேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு தெரிந்தது, நான் பார்த்ததும் நீ கையைக் கீழே இறக்கிக்கொண்டாய். நீ வேலை பார்க்கிற பேக்கரியில் முழங்கை வரைக்கும் வருகிற கையுறை கொடுக்கிறார்களா இல்லையா? கொடுக்காவிட்டால் நீயே ஒன்று வாங்கிக்கொள், அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது பறக்காதே, ரொட்டி ஒரு நிமிஷம் காத்திருக்கும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவிலேயே "பரவால்லம்மா" என்பாய், நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

முதலில் ஊர்க்கதை. நம் காலாவதிக் கூட்டம் நன்றாகவே இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பதினான்கு பேர் சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றுகிற கூட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தது உன் அப்பாதான், இப்போது பனியனிலேயே அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கணக்கு டீச்சருக்கு வருகிற மாதம் அறுபத்தெட்டு, கடலுக்குள் மூழ்கி மீன் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு மாதமாக அந்த மீன் புராணம் கேட்டுக் கேட்டு எங்களுக்கே காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருக்கிறது. தபால்காரர் முப்பத்தைந்து வருஷம் நடந்தது போதும் என்று வீட்டு வாசலிலிருந்து முனைக்கடைக்குப் போவதற்கும் சைக்கிள்தான். பல் டாக்டர் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரிடம் பேசுவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மலைப்பாதைக்குப் போகிறார்கள், பன்னிரண்டு வளைவு, உச்சியில் ஒரு டீக்கடை. நானும் போகிறேன், நீ வாங்கிக் கொடுத்த இரட்டைச் சைக்கிளில். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிகிறது. அந்த வண்டியை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வா, உனக்கு அறை தயாராக இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட இருக்கிறது என்று மூன்று முறை சொல்லிவிட்டாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

அந்த வண்டியில் இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி மிதி, ஆனால் இரண்டையும் ஒரே சங்கிலி இணைக்கிறது என்பது உனக்குத் தெரியும். முன்னால் இருப்பவர் மிதித்தால் பின்னால் மிதியும் சேர்ந்து சுற்றும். அப்பா இருந்தவரை அவர் முன்னால், நான் பின்னால். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர் வேறு யாரையாவது முன்னால் உட்கார விடுவாரா? கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்காமலே "எல்லாரும் ஏறியாச்சா, போலாமா?" என்று கேட்பார், ஒரே ஒரு பயணி நான், "போலாம் ரைட்" என்பேன். இப்போது நான் முன்னால் உட்கார்கிறேன். பின்னால் யாரும் இல்லை, ஆனால் அந்த மிதி இரண்டும் சுற்றிக்கொண்டே வருகின்றன. வலது மிதியில் ஒரு சின்னக் கிறீச் உண்டு, நான் உட்கார்ந்திருந்த காலத்தில் எண்ணெய் விடச் சொல்லிச் சொல்லி அவர் விடவே இல்லை. ஏற்றத்தில் அந்தக் கிறீச் மெதுவாகிறது, இறக்கத்தில் வேகமாகிறது, யாரோ என்னோடு சேர்ந்து மிதிக்கிற மாதிரியே இருக்கிறது. சில சமயம் அதற்கு நடுவில் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்கிறது, அது என் மூச்சுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், சில நாள் நம்புவேன். எண்ணெய் டப்பா கூடத்து அலமாரியிலேயே இருக்கிறது, எடுத்து விட மனம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஓய்வு பெற்றாலும் கடைசி நாளில் எடுக்கிற கடைசிப் படம் வீட்டு ஆளுடையதாக இருக்க வேண்டும். நோயாளியாக இல்லை, சும்மா ஒரு ஞாபகத்துக்கு. அந்தப் படம் பதிவேட்டில் ஏறாது, படம் படிக்கிற டாக்டரிடமும் போகாது, கேக் வெட்டிக் கைதட்டி உறையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். என்னுடைய கடைசி நாளில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார். இடது பக்கத்தில் அடையாள எழுத்தை ஒட்டினேன், மூச்சை இழுங்க, பிடிங்க என்றேன், வீட்டிலும் இதே அதிகாரம்தான் என்று அவர் மூச்சை விட்டுச் சிரித்ததில் இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று. படம் கழுவி வந்ததும் விளக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வேலையில் நாங்கள் பார்ப்பது ஒன்றுதான், ஆள் ஆடாமல் நின்றாரா, தோள் எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகியிருக்கிறதா, படம் தெளிவாக விழுந்திருக்கிறதா. உள்ளே என்ன இருக்கிறது என்பது டாக்டர் பார்க்க வேண்டியது. முப்பத்துநான்கு வருஷம் அப்படித்தான் பார்த்தேன், அன்றைக்கும் அப்படியே பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "படம் அருமையா வந்திருக்கு" என்றேன். கேக் வெட்டப் போய்விட்டோம்.

மறுநாள் அப்பா அதைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். நீ வீடியோவில் பார்த்துச் சிரித்தாயே, அதே படம்தான். அதை அவர் திருப்பி ஒட்டியிருந்தார். முறையாக வைத்தால் இதயம் பார்ப்பவருக்கு வலது கைப் பக்கம் வரும், அந்த ஆள் நமக்கு எதிரே நிற்பதாகக் கணக்கு. அவரோ என் நெஞ்சு எனக்கு இடது பக்கம்தானே இருக்கிறது, படத்தில் மட்டும் ஏன் மாற வேண்டும் என்று ஒரே வாதம், அடையாள எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பிக் கிடந்தது. போகட்டும் என்று விட்டேன். வேறு யார் வீட்டில் இருந்தாலும் அது வெறும் கறுப்புத் தாள். என் வீட்டில், என் கண் முன்னால், எட்டு மாதம் அது தொங்கியது. ஒவ்வொரு காலையும் வெயில் அதன் வழியாக வந்து விலா எலும்பு வரிவரியாக மேஜைமேல் விழும், அந்த வெளிச்சத்தில்தான் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு அன்றைக்கு எங்கே போகலாம் என்று பேசுவோம்.

குட்டி, அந்த எட்டு மாதம் மாதிரி ஒன்றை நான் வாழ்ந்ததே இல்லை. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினோம், கடலோரச் சாலையில் ஒரே நாளில் நாற்பது கிலோமீட்டர் போனோம், அறுபத்திரண்டு வயதில் தோணி ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு பேரும் ஆற்றில் விழுந்தோம், அவர் கண்ணாடி போனது போனதுதான். மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு மைல்கல்லில் உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது. "வயசாச்சுல்ல, இஞ்சினும் சூடாகத்தானே செய்யும்" என்றார், நானும் சிரித்தேன், மிச்சம் மூன்று வளைவை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம். இப்போது நினைத்தால் அந்த எட்டு மாதமும் நான் பார்த்தது அவர் முதுகைத்தான். வண்டியிலும் முதுகு, திருப்பி ஒட்டிய ஜன்னல் படத்திலும் முதுகு.

அப்புறம் ஒரு நாள் காலையில் ஜன்னலைத் துடைக்கப் படத்தை எடுத்தேன். துடைத்துவிட்டு மறுபடி ஒட்டும்போது கை தன் பழக்கத்தில் அதை முறையான பக்கத்துக்குத் திருப்பியது. வலது நுரையீரலின் மேல்பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை. சட்டைப் பொத்தான்தான் என்று நினைத்தேன், நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். ஆனால் சட்டையைக் கழற்றச் சொன்னவளே நான்தானே. அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், புதுப் படத்தில் அது எலுமிச்சம்பழ அளவு இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறேழு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் கேட்டோம். வாசலுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "நல்ல எட்டு மாசம் தெரியுமா அது. குட்டிகிட்ட மட்டும் சொல்லாதே, அவ உன்னை விட்டுட்டா உனக்கு வேற யாரு இருக்கா" என்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆக, நீ ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று முன்னால் எப்போதாவது படம் எடுத்திருக்கிறதா என்று கேட்டபோது நான் இல்லை என்று சொன்னது பொய். உனக்கு ஜன்னல் படம் ஞாபகம் வரவில்லை, அது உனக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். நீ ஊருக்கு வருவதற்கு முன்பே அதை எடுத்து உன் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் போய் ஏழு மாதமாகிறது. ஜன்னல் வெறுமையாக இருக்கிறது, ஆனால் காலையில் டீயோடு உட்கார்ந்தால் மேஜைமேல் அந்த வரிகள் விழுகின்றன, துணியால் துடைத்துக்கூடப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் யாராவது இருமினால் அவர் சட்டைக்குள் என்ன இருக்கும் என்று கண் தேடுகிறது. அறையில் தனியாக இருக்கும்போது மூச்சை இழுங்க, பிடிங்க என்று வாய் தானாகச் சொல்கிறது, சொன்ன பிறகு விடச் சொல்லவில்லையே என்று பதறிப்போகிறேன்.

இதை எல்லாம் நானே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன், அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் போன வாரம் நீ அழுதாய். அந்தச் சைக்கிளை நான்தானேம்மா வாங்கி அனுப்பினேன், அதனால்தான் அவர் மூச்சு வாங்கியதை எல்லோரும் ஏற்றம் என்றும் வயது என்றும் நினைத்துவிட்டீர்கள், வண்டி இல்லாவிட்டால் முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்பார், உன் மேல் ஒரு தப்பும் இல்லை, தெரிந்திருந்தால் நீ விட்டிருப்பாயா என்றாய். போனை வைத்த பிறகு நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மாதமாக என் சுமையை நீ தூக்கிக்கொண்டிருக்கிறாய், நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இனி வேண்டாம், அதைக் கீழே வை. உன் சைக்கிள் யாரையும் கொல்லவில்லை. அவருக்கு அந்த எட்டு மாதத்தைக் கொடுத்தது அது. காப்பாற்றக்கூடிய கண் இரண்டு அந்த வீட்டில் இருந்தது, அது என்னுடையது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த மரம் தெரிகிற அறை எனக்கு உண்டா என்று நீ யோசித்துச் சொல். இல்லை என்றாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன். உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி. காலியான இருக்கையோடு அந்த வண்டி மலை ஏறாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான்தான் இவ்வளவு நாளாக யாரையும் பின்னால் உட்காரவிடவில்லை. ஆள் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் நின்றுவிடுமே என்று பயம், நிற்காவிட்டால் அதைவிடப் பயம். நேற்று கணக்கு டீச்சர், "நான் பின்னாடி ஒரு வார்த்தை பேசாம வர்றேன், மீனைப் பத்தி கூட பேச மாட்டேன்" என்றாள். சரி என்றேன். தபால்காரர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறோம், இந்த உறையை அவரே வாங்கித் தபாலில் சேர்க்கிறேன் என்றிருக்கிறார், அந்த வேலையை இன்னும் அவரால் விட முடியவில்லை. நான் மனம் மாறி உறையைத் திரும்பக் கேட்டாலும் தரமாட்டார். ஒன்பதாவது வளைவில் இறங்கி அந்த மைல்கல்லைத் தொட்டுவிட்டு மிச்சம் மூன்றையும் ஏறப் பார்க்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், கையில் சூடு படாமல், மனதில் இல்லாத பழி தங்காமல் இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, நீயும் நெஞ்சுக்கு ஒரு படம் எடுத்துக்கொள், எடுத்ததைப் படிக்கத் தெரிந்த டாக்டர் கையில் கொடு, வீட்டில் வைக்காதே. அப்பாவின் படத்தை இதோடு அனுப்புகிறேன். அது உனக்கு உரியது, என்ன வேண்டுமானாலும் செய். ஒரே ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார், அடையாள எழுத்து உன் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால்தான் அப்பா உன்னைப் பார்த்து நிற்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா