ஷமீம் பேசின புகைக்குழாய்

25.8.83 வியாழன்
காலையிலேர்ந்து புழுக்கம். சாயந்தரம் ஆம்பூர்ல நல்ல மழை. காஸ் கிடைச்சாச்சு! மூணு வருஷமா பேர் எழுதி வச்சது. திங்கக்கிழமை வந்து மாட்டுவாங்களாம். அதுக்குள்ள விறகடுப்பை இடிக்கணும், கூரையைத் துளைச்சு மாடிக்குப் போற தகரப் புகைக்குழாயை எடுக்கணும். "ஞாயித்துக்கிழமை நானே எடுக்கிறேன்"னு இவர். ஷூ கம்பெனில தோல் வெட்றவருக்கு எல்லா வேலையும் தெரியும்னு நினைப்பு.
சந்தோஷம்தான். ஆனா மாடி வீட்டு ஷமீம்?

26 வெள்ளி
வாங்க: சிமெண்ட், சுண்ணாம்பு, காஸ் லைட்டர்(!).
மத்தியானம் அடுப்பு ஆறினதும் வழக்கம்போல கரண்டியால குழாயில மூணு தட்டு. குழாயோட மேல் முனை, மாடியில ஷமீம் துணி துவைக்கிற இடத்துல. "இன்னாக்கா?" அவ குரல், கரி வாசனையோட.
அவ புருஷனுக்குத் தோல் வியாபாரம், பாதி நாள் வெளியூர். மாமியாருக்கு அவ கீழ எறங்கினா பிடிக்காது. நாலு வருஷமா பேசறோம், முகம் பார்த்துப் பேசினது பத்துத் தடவை இருக்காது.
குழாய் போகப்போகுதுன்னேன். "அப்போ நாம?"ன்னா.
இவர்கிட்ட சொன்னா சிரிப்பார். அதுவுமில்லாம அதுல பாதிப் பேச்சு இவரைப் பத்தித்தான்.

28 ஞாயிறு
ஐயோ, மானம் போச்சு.
இவர் ஏணி மேல. கீழ்த் துண்டு கழண்டாச்சு. மேல் துண்டு துருப்பிடிச்சு வரல. சுத்தியால ணங், ணங், ணங். மூணு! "வேணாங்க"ன்னு நான் கத்தறதுக்குள்ள மேலேர்ந்து, "அக்கா, இன்னிக்கும் சட்னில உப்பு கம்மின்னு மூஞ்சத் தூக்கினாரா? நானா இருந்தா கரண்டியாலயே ஒண்ணு வச்சிருப்பேன்!"
இவர் தொண்டையைக் கனைச்சார். "இல்லம்மா. இன்னிக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சு."
"யா அல்லா!" வாளி உருண்ட சத்தம். கதவு சாத்தின சத்தம். அந்த நேரம் பார்த்துக் குழாய் கழண்டு, கரி மொத்தமும் இவர் தலையில. கண்ணு மட்டும் வெள்ளை. சிரிச்சு சிரிச்சு ஏணியை விட்டுட்டேன். இவரும் சிரிச்சார். "இன்னும் இன்னாடி சொல்லி வச்சிருக்கே?"
சாயந்தரம் மாடிக்குப் போனேன். "தலைவலின்னு படுத்திருக்கா"ன்னு மாமியார். தலைவலி இல்ல, வெக்கம். அந்நிய ஆம்பளகிட்ட இப்படிப் பேசிட்டோமேன்னு. இனிமே பேசுவாளா? எனக்கு அழுகையா வந்துச்சு.

29 திங்கள்
காஸ் மாட்டியாச்சு. நீலத் தீ. டீ அஞ்சு நிமிஷத்துல. கண் எரிச்சல் இல்ல. கூரை ஓட்டை வழியா ஒரு காக்கா எட்டிப் பார்த்துச்சு. ஷமீம் பார்க்கல. அல்வா கிண்டி அனுப்பினேன். கிண்ணம் கழுவி வந்துச்சு, பேச்சு வரல.

30 செவ்வாய்
கொத்தனார் ஓட்டையை அடைக்க வந்தார். இவர் கம்பெனிக்கு லீவு! எதுக்குன்னு புரியல. பையிலேர்ந்து ரெண்டு இஞ்சு அகல இரும்புக் குழாய் ஒண்ணு எடுத்தார். ரெண்டு வட்டத் தோல் மூடி வேற, ஷூவுக்கு வெட்ற கறுப்புத் தோல், பக்கிள் வச்சு.
"இதை நடுவுல நிறுத்திப் பூசுங்க."
"இது இன்னாத்துக்கு சார்?"
"எங்க வூட்டு டெலிபோன்."
கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.
"மேல ஒரு மூடி, கீழ ஒரு மூடி. மழைத் தண்ணி எறங்காது. நீங்க ரெண்டு பேரும் என்னைத் திட்றதுன்னா நான் வேலைக்குப் போனப்புறம் திறங்க"ன்னார்.
இந்த மனுஷனைப் போய் என்னென்ன சொல்லியிருக்கேன். ராத்திரிக்கு இவருக்குப் பிடிச்ச கத்திரிக்கா.

1.9 வியாழன்
பூச்சு காஞ்சிடுச்சு. நானா தட்டல. தைரியம் இல்ல.
மத்தியானம் இவர் அதிசயமா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார். மேலேர்ந்து ணங், ணங், ணங்! ஓடிப்போய் ஸ்டூல்ல ஏறி பக்கிளை அவிழ்த்தேன்.
"அக்கா..." ரொம்ப மெதுவா. "அவரு வூட்ல இல்லல்ல?"
ஸ்டூல்லேர்ந்து எறங்கி, சோத்துத் தட்டோட இவரை வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
"இல்லடி. சொல்லு."