காது அறுந்த போர்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

முதல் வரியில் நலம் என்று எழுத வேண்டுமாம். நான் இருக்கிறேன். முழங்கால் வலி பழையபடி. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டியாம்மா என்பாய், நான் ஆச்சு என்பேன். அங்கே மழையா என்பேன், நீ இல்லை என்பாய். அதோடு இரண்டு பேர் வாயிலும் பூட்டு விழுந்துவிடும். காகிதத்தைப் பாதியில் வைக்க மாட்டாய். எனக்கும் நடுவில் அழுகை வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்புறம் வரலாம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு எழுத்து வந்ததே உன் அப்பாவின் பட்டறையில்தான். அவர் போர்டில் பென்சிலால் கோடு போடுவார், நான் உள்ளே பெயிண்ட் நிரப்புவேன். இருபத்தாறு வருஷம் நிரப்பியதில் எந்த எழுத்துக்கு எவ்வளவு வயிறு என்று கைக்குத் தெரியும். சின்ன ர, பெரிய ற மட்டும் இன்னும் தகராறு. திரும்பிப் பார்த்து, இதுக்கு எதுங்க என்று அவரைக் கேட்பது வழக்கம். இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தபோதும் கேட்டுவிட்டேன். பதில் வராதபோதுதான் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரக்காவிடம் பிழை பார்க்கக் கொடுக்கப்போகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுக்க மாட்டேன். அதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா போய் அடுத்த மாதம் ஒரு வருஷம் ஆகிறது. லீவு கிடைக்காது, வரமுடியாது என்று சொல்லிவிட்டாய். லீவு கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் நீ வராததற்குக் காரணம் லீவு இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அப்பா போன அன்றைக்கு வாசலில், ஊரிலிருந்து வந்த உன் பெரியப்பா, ஓடிக்கிட்டிருந்த மனுஷனைப் புடிச்சு உக்கார வெச்சாங்க, அதான் படுத்துட்டான் என்று சொன்னார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. அந்தத் தாள் விஷயமே அவருக்குத் தெரியாது. ஆனால் நீ கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்ததை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கினவன்தான்.

முதலில் ஒரு விஷயம். போன வாரம் அப்பாவின் ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். என் பையன் மனசுல ஒரு முள்ளு இருக்கு, உண்மையைச் சொல்லுங்க என்று கேட்டேன். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே மெலிசாக இருந்ததாம். ஓடினதாலயும் இல்ல, ஓடாததாலயும் இல்ல, யார் மேலயும் பழி போடாதீங்கம்மா என்றார். இன்னொன்று உனக்குத் தெரியாது. மைதானத்தில் அந்தப் போர்டு வைத்த பிறகு அவர் இரண்டு மாதம்தான் ஓடாமல் வீட்டில் இருந்தார். அப்புறம் நான் வாங்கிக் கொடுத்த பனியனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடப் போய்விட்டார். கடைசிக்கு முந்தின நாள்கூட ஓடிவிட்டுத்தான் வந்தார். அப்போது நீ ஊரை விட்டுப் போயிருந்தாய். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி அந்தத் தாள். இதை எழுதாமல் மேலே போனால் கடிதம் நொண்டும்.

பகல் முழுக்க டர்பண்டைன் வாடையும் பெயிண்ட் காய்ந்து விறைத்த சட்டையுமாக இருக்கிற உடம்பு அவருக்கு. காலையில் ஒரு மணி நேரமாச்சும் தோலுக்குக் காத்து படட்டும் என்று மைதானத்தில் வெற்றுடம்போடு ஓடுவார். தெருவில் வெத்துடம்பு பெயிண்டர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். நீ டை கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நேரமும், அவர் வியர்வை சொட்டச் சொட்டத் தெரு திரும்புகிற நேரமும் ஒன்றாகப் போனது யார் செய்த குற்றம்? பஸ்ஸில் உன் கூட்டாளிகள், உங்க தெரு பயில்வான் வந்துட்டாருடா என்று சிரித்ததை நீ என்னிடம் மட்டும் சொன்னாய். அவரிடம், ஒரு பனியனாவது போடுங்களேன்ப்பா, மானம் போகுது என்றாய். மானத்தை இவன் பொத்தான்லயா தெச்சு வெச்சிருக்கான் என்று என்னிடம் கேட்டுவிட்டு அவர் மறுநாளும் அப்படியே ஓடினார்.

அந்த நேரத்தில்தான் நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், குடும்பங்கள் இருக்கிற இடம், பெண்கள் நடக்கிற மைதானம், சட்டையில்லாமல் ஓடத் தடை போர்டு வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். எனக்கு அப்போதே ஒன்று புரியவில்லை. கோடவுனில் மூட்டை தூக்குகிறவர்கள் நாள் முழுக்கச் சட்டையில்லாமல் அதே தெருவில்தான் போகிறார்கள். மூட்டை தூக்கினால் அது வேலை, சும்மா ஓடினால் அது திமிர். நாற்பது பேர் போட்டார்கள். பதினொன்றாவது கையெழுத்து உன்னுடையது.

அதை அவர் பார்த்தாரா என்றுதானே நான்கு வருஷமாக வெந்துகொண்டிருக்கிறாய்? பார்த்தார். போர்டு எழுத ஆர்டரும் செயலாளர் அவரிடமே கொடுத்தார். நீங்க எழுதினாத்தான் எடுப்பா இருக்கும் என்று, கொஞ்சம்கூடக் கூசாமல், அந்தத் தாளையே கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா பட்டறைப் பலகை மேல் அதை விரித்து வைத்து விரலால் ஒவ்வொரு கையெழுத்தாகத் தடவிக்கொண்டே வந்தார். உன்னுடையதில் விரல் நின்றது. கடைசி எழுத்துக்கு நீ இழுக்கிற வால் அவர் கற்றுக்கொடுத்தது. பயலுக்குக் கையெழுத்து நல்லாத் திருந்திருச்சு என்றார்.

தாளில் 'மேலாடை இன்றி ஓடக் கூடாது' என்று இருந்தது. அவர் செயலாளரிடம் போய், சார், 'ஓடலாகாது'ன்னு போட்டா கம்பீரமா இருக்கும் என்றிருக்கிறார். செயலாளருக்கு வாயெல்லாம் பல். இலக்கணமா இருக்குய்யா, போடு என்றாராம். தன் கழுத்துக்குச் சுருக்குப் போடுகிறவனுக்குக் கயிறு நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறாரே இந்த மனுஷன் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நான்தான் நிரப்பினேன். 'மேலாடை இன்றி ஓடலா' வரைக்கும் வந்திருப்பேன். பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, மீதியை நான் பாத்துக்கறேன், நீ உள்ள போ என்றார். இருபத்தாறு வருஷத்தில் அப்படிச் சொன்னதே இல்லை. கதவையும் சாத்திக்கொண்டார். எனக்கு மனசு கேட்காமல் பின்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முதுகு மட்டும் தெரிந்தது. சட்டையில்லாத முதுகு. குலுங்கிக்கொண்டிருந்தது. அழட்டும், ஆம்பிளை அழுகிற இடத்தில் போய் நிற்கக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. சொன்னால் தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது. படி.

இப்போது இங்கே காலம் மாறிப்போய்விட்டது. மைதானத்துக்குப் பின்னால் வந்த புது அடுக்குமாடியிலிருந்து காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஓட வருகிறார்கள். வெயில் ஏற ஏறச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். செயலாளரின் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்தவன், முதல் நாளே வெற்றுடம்போடு இறங்கிவிட்டான். வாட்ச்மேன் போர்டைக் காட்டி விசில் ஊதிப் பிடித்து நிறுத்தினார். ஊதினது யாருக்கென்று தெரியுமா, மாமனார் யார் தெரியுமா என்று ஒரே அமளி. வாட்ச்மேன் அசையவில்லை. போர்டு என்ன சொல்லுதோ அதைத்தான் சார் நான் சொல்லுவேன், எனக்கு மாமனும் தெரியாது மச்சானும் தெரியாது என்றுவிட்டார். மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தானாம். செயலாளருக்கு அந்த வாரம் ரத்தக் கொதிப்பு.

போன மாதம் ஒரு காற்று அடித்தது. வாட்ச்மேன் கொட்டகையின் தகரம் பறந்துவிட்டது. அந்தத் தகரத்துக்குக் கீழேதான் போர்டு இருந்தது, இத்தனை வருஷம் அதன்மேல் ஒரு சொட்டு மழை பட்டதில்லை. அப்புறம் மூன்று நாள் மழை. நான்காம் நாள் காலையில் தையல்காரக்கா மூச்சிரைக்க வந்து, உங்க வீட்டுக்காரர் எழுதின போர்டுல காது அறுந்துருச்சு, வந்து பாருங்க என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் போனேன்.

போர்டைச் சுற்றிக் கூட்டம். 'மேலாடை இன்றி ஓடலா' அப்படியே கல்லு மாதிரி இருக்கிறது. அதற்கப்புறம் இருந்த 'காது' கரைந்து நீலமாக வழிந்து போயிருக்கிறது. அது இருந்த இடத்தில் வெள்ளை பொருக்குப் பொருக்காக உரிந்து, அடியிலிருந்து வேறு ஏதோ எட்டிப் பார்க்கிறது.

தம்பி, உனக்கு ஓடுகாலிப் பெயிண்ட் ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர்களுக்கு 'இன்று விடுமுறை' என்று எழுதிக் கொடுப்பாரே, தண்ணீர் பட்டால் ஓடிப்போகிற பெயிண்ட்? அதற்கு அவர் வைத்த பேர். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அதேதான். முந்தானையை வாட்ச்மேன் குடத்தில் நனைத்து, வெள்ளையை அழுத்தித் துடைத்தேன். அடியில் எனாமல் பெயிண்டில், சுத்தமாக, ஒரு ம. அதன் தலைக்கு மேலே புள்ளி. அவர் புள்ளி எப்போதும் கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும்.

மேலாடை இன்றி ஓடலாம்.

ஓடலாம் என்று எழுதி முடித்துவிட்டு, ம்-மை மட்டும் ஓடுகாலி வெள்ளையால் மூடி, அதன்மேல் ஓடுகாலி நீலத்தில் காது வைத்திருக்கிறார். இதற்காகத்தான் 'கூடாது' வேண்டாம் என்று செயலாளரிடம் நைச்சியமாகப் பேசியிருக்கிறார்.

கூட்டத்தில் ஒருவர், உடனே வேறு போர்டு மாட்ட வேண்டும், பெண்கள் நடக்கிற இடம் என்று ஆரம்பித்தார். தினமும் ஓட வருகிற நர்ஸ் பெண் நின்று, சார், சட்டை போடாம ஓடறவங்களால எங்களுக்குத் தொந்தரவே இல்ல, சட்டை போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்து பாக்கறவங்களாலதான் தொந்தரவு, அதுக்கு ஒரு போர்டு போடுங்க என்றாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். வாட்ச்மேன் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். போர்டு சொல்லிருச்சு, அப்புறம் நான் யாரு என்றார். செயலாளரும் வந்து போர்டைப் படித்தார். அப்புறம் என்னிடம் வந்து, உங்க வீட்டுக்காரர் என்னை நாலு வருஷம் முட்டாளாக்கிட்டாரும்மா என்றார். கோபம் இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். இருக்கட்டும், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா போன பிறகு சிரித்துக்கொண்டே அழுதது அன்றைக்குத்தான்.

இது தையல்காரக்காவுக்குக் காட்டாத பக்கம்.

அன்றைக்கு அந்த முதுகு குலுங்கியது அழுகையில் இல்லை. சிரிப்பு. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்திருக்கிறார். உன் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சிரித்திருக்கிறார். மனசு புண்பட்டவன் இப்படி ஒரு குறும்பு செய்ய மாட்டான். என்றைக்காவது மழை பெய்யும், அன்றைக்கு நாம் மூன்று பேரும் போர்டுக்கு முன்னால் நின்று சிரிக்கலாம் என்றுதான் வைத்திருந்திருப்பார். மழை கொஞ்சம் தாமதித்துவிட்டது, அவ்வளவுதான்.

நீ மட்டும் இல்லை. அந்தத் தாளில் என் கையெழுத்து இல்லையே தவிர, மனசுக்குள் நானும் போட்டவள். அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்து, போர்டு வந்தால் நிம்மதி என்று நினைத்தவள். என்னையும் சேர்த்துத்தான் அவர் மன்னித்திருக்கிறார். நான் வாங்கிக்கொண்டுவிட்டேன். நீயும் வாங்கிக்கொள்.

ஒரு வேலை இருக்கிறது. துடைத்ததில் ம்-மின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. செயலாளர் மறுபூச்சு அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். எனக்கு நிரப்பத்தான் தெரியும், கோடு போட வராது. அவர் கை உன் கையில்தான் இருக்கிறது. வெளி ஆளிடம் கொடுக்க எனக்கு மனசில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

நீண்ட ஆயுசோடு, கனமில்லாத மனசோடு இரு, என் கண்ணு. வரும்போது ஓடுகிற ஷூவை எடுத்து வா. சட்டை உன் இஷ்டம்.

பிரஷ்ஷைக் கழுவி வைத்திருக்கும்
உன் அம்மா