நான் போடாத கையெழுத்து

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முட்டிவலிதான் வாடகைக்கு வந்தவர் மாதிரி காலி செய்ய மாட்டேன் என்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை எடுத்தேன், உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி வாய் போகவில்லை.

முதலில் நல்ல சேதி. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியதும் எங்கள் சலவைக்கூடத்து முதலாளி, இவ்வளவு குடுத்தா கட்டுப்படியாகாது, கதவைச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான் என்று ஒரு வாரம் குதித்தார். கதவைச் சாத்தவில்லை, டீ குடிக்கிற நேரத்தைத்தான் பாதியாக வெட்டினார், ஆளுக்கு இன்னும் நாற்பது படுக்கை விரிப்பு கூடுதலாக மடிக்கச் சொன்னார். இருந்தாலும் புதுக் கூலி கைக்கு வந்தது. இரண்டாம் மாதமும் வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்து, சாயங்காலம் ஆபீஸ் துடைக்கிற வேலையை விட்டேன். உன் அப்பா போன இந்தப் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் நிற்கிறேன், சின்னவள் கதவைத் திறந்து, என்னம்மா, உடம்பு சரியில்லையா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா என்று பதறுகிறாள். இல்லடி, இனிமே தினமும் இந்நேரத்துக்கு வந்துடுவேன் என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், அப்ப நான் எங்க உக்காந்து படிக்கிறது என்கிறாள். சமைக்கப் போனேன், உப்பு எங்கே இருக்கிறது என்று என் வீட்டிலேயே அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

போன வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டேன், டீச்சர் அதையும் பழைய கையெழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது அவங்க அம்மா கையெழுத்து மாதிரி இல்லையே, நீங்க இவளுக்கு என்ன வேணும் என்று கேட்டார். பெற்ற பிள்ளைக்கு அம்மா என்று அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன் கண்ணா. சின்னவள் நகத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். நீ இங்கே இருந்தவரைக்கும் என் பெயரில் கையெழுத்துப் போட்டது நீதானாம், நீ ஊரை விட்டுப் போகும்போது அவளுக்கும் பழக்கிவிட்டுப் போனாயாம். பார்த்துப் போடுவதற்காக நீ கொடுத்த பழைய தாள்களைக் கொண்டுவந்து காட்டினாள். திருட்டுக் கழுதைகளா என்று சிரிக்கத்தான் போனேன், அதற்குள் ஒரு தாள் கண்ணில் பட்டது. நீ எட்டாவது படித்த வருடம், கணக்கு வாத்தியார் மாலை வகுப்புக்கு நாலு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார் போலிருக்கிறது. அதற்கு நீ எழுதிப் பழகிய பதில் அது. என் மகனை அனுப்ப எனக்கு விருப்பமில்லை என்று எழுதி, கீழே என் பெயரை ஐந்து தடவை போட்டுப் பார்த்திருக்கிறாய். என்னை யாரு பாத்துப்பாங்க, அதான் அண்ணன் போகலை என்று சின்னவள் சாதாரணமாகச் சொல்கிறாள். அதே வருடம்தான் கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கு, உனக்கு அக்கறையே இல்லடா என்று உன்னை அடித்தேன்.

அன்றைக்கு நீ என்னைக் கேட்டிருந்தால் போய் வா என்று சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். உனக்கும் அது தெரிந்திருக்கிறது, என்னைச் சொல்ல வைக்காமல் நீயே எழுதிவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது கொடுக்கிற கூலியை அன்றைக்குக் கொடுத்திருந்தால் ஒரு வேலையே போதுமாக இருந்திருக்குமே என்று முதலாளி மேல் கோபப்படுகிறேன், அரசாங்கத்தின் மேல் கோபப்படுகிறேன், எல்லாம் சுற்றி வந்து என் மேலேயே முடிகிறது. உன்னை அடித்ததற்கு அம்மாவை மன்னித்துவிடு.

மருமகள் பேசும்போது, நீ கிடங்கில் இரண்டாவது வேலைக்கும் சேரப்போவதாகச் சொன்னாள். அங்கே வாடகை எவ்வளவு என்று தெரியாமல் பேசவில்லை, வேண்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை. சேர்ந்துதான் ஆகவேண்டும் என்றால் வாரத்தில் பாதி நாளாவது சாயங்காலம் வீட்டில் இருக்கிற மாதிரி கேட்டுப் பார். எனக்கு மாதம் மாதம் அனுப்புவதை இந்த மாதத்திலிருந்து நிறுத்திவிடு, இது கோபத்தில் சொல்வதில்லை, இங்கே எனக்குப் போதும். பல்வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரிடம் காட்டு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும். பேத்தி முதல் அடி வைக்கும்போது நீ பக்கத்தில் இரு. நீ முதல் அடி வைத்ததைப் பார்த்தவள் நான், உன் தங்கை வைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் கேட்டேன்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா